பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு திருத்தம்

மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நேரடி ஒலிபரப்பில் மைக்கைக் கையால் பொத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. என்னிடம் ஒரு சைகை காட்டினால் போதும், நான் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவேன். பல வருடமாக அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு இது தெரியாதா? ஆனாலும் பொத்தினார், பொங்கி வழிகிற பாலை வெறுங்கையால் தடுக்கப் போகிறவர் மாதிரி. அவருடைய வளையல் மைக்கில் உரசிய சத்தம் கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். நான் கைக்கு அகப்பட்ட பாட்டைப் போட்டேன். என்ன பாட்டு என்றுகூடப் பார்க்கவில்லை.

எங்கள் சமூக வானொலி ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில் கிடங்குகளுக்கு நடுவே, ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. நாளுக்கொரு மொழி. சனிக்கிழமை சாயங்காலம் தமிழுக்கு. நான் திருச்சிக்காரன், சாஃப்ட்வேர் வேலை, வீடு கிளென்ஃபீல்டில். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது போதாதென்று சனிக்கிழமையும் துறைமுகப் பாலத்தைத் தாண்டிப் போய் இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேனே என்று வீட்டில் கேட்காத ஆளில்லை. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நாட்டை விட்டு வருவதற்கு முன்னால் அங்கே ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவர். இங்கே பிளாட் புஷ்ஷில் வீடு, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வார நாட்களில் வெள்ளைக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டு, சனிக்கிழமையானால் புடவை கட்டிக்கொண்டு செய்தி வாசிக்க வருவார். ரேடியோவுக்கு எதற்குக்கா புடவை என்று ஒருமுறை கேட்டேன். "செய்திக்கு ஒரு மரியாதை இருக்கெல்லே" என்றார். எங்களுக்கெல்லாம் அவர் செய்தி அக்கா.

நிகழ்ச்சியில் முதலில் செய்தி, பிறகு பாட்டுகள், கடைசியில் பிறந்தநாள் வாழ்த்து. பாட்டு எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம். ஜனங்கள் எங்களைக் கேட்டது அக்காவின் செய்திக்காகத்தான். இணையத்திலும் ஒலிபரப்பானதால் லண்டனிலும் கனடாவிலும், ஏன், யாழ்ப்பாணத்திலேயே கேட்டார்கள். அங்கே நடக்கிறதை ஆக்லாந்திலிருந்து ஒருத்தி வாசிக்க, அங்கே இருக்கிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. எனக்கு ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அக்கா எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் வாசிக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் ஊரே அலறிக்கொண்டிருக்கும். இவர் "உறுதிப்படுத்தேல்லை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். பெயர் விஷயத்தில் இன்னும் கறார். பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், யாருடைய பிள்ளை, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அத்தனையையும் தாளில் கோடு போட்டு அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "ஒரு பேரை வாசிக்கிறதுக்கு முதல், அந்தப் பேருக்குரியவன் இண்டைக்கு எங்க படுத்து எழும்புவான் எண்டு யோசிக்கவேணும், தம்பி" என்பார். எனக்கு அவ்வளவு பயம் தேவையா என்று தோன்றும். இது நியூசிலாந்து, கீழே டயர் கடைக்காரன் பழைய ராக் பாட்டை அலறவிட்டு வீல் மாற்றிக்கொண்டிருக்கிறான், இந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு யாருக்குப் பயப்படுவது? அப்படி நினைக்கிற தைரியம் அப்போது எனக்கு இருந்தது.

அக்காவின் தம்பியும் பத்திரிகைக்காரர்தான். அக்கா விட்டுவிட்டு வந்த அதே பத்திரிகையில் நிருபராக இருந்தார். அந்த வருடம் அங்கே ஒரு புதிய சட்டம் வந்தது. இணையத்தில் பரவும் பொய்களிலிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் என்றார்கள். எது பொய் என்பதை அரசு நியமிக்கிற ஆட்கள் முடிவு செய்வார்கள். பேச்சுரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறதே என்று அக்காவிடம் கேட்டேன். "என்ர தம்பி சொல்லுவான், உரிமை ஒரு வரியிலதான் இருக்கு, அதுக்குக் கீழ 'ஆனால்' எண்டு தொடங்கி ஒரு பக்கம் இருக்கு எண்டு" என்று சிரித்தார். நான் என் நாட்டைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவும் வழியில்லை. என்னோடு காலேஜில் படித்தவன் ஒருவன் ஊரில் டிவி நிருபராக இருந்தான். ஒரு வீடியோ போட்டதற்காக வழக்கு, கோர்ட்டு என்று அலைந்து ஓய்ந்து, இப்போது பிரியாணிக் கடைகளைப் பற்றி மட்டும் வீடியோ போடுகிறான். நன்றாகத்தான் போடுகிறான். ஆனால் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை.

அக்காவின் தம்பி, காவலில் இறந்துபோன ஒரு இளைஞனைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பத்திரிகை அலுவலகத்துக்கு ஆட்கள் வந்தார்கள். அவருடைய மனைவியின் ஃபோனை வாங்கிக்கொண்டு போய், சில நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். கூட வேலை செய்த ஒருவரை விசாரணை என்று கூப்பிட்டார்கள், அவர் மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை. அடுத்து இவருக்கும் அழைப்பு வந்தபோது, மனைவியையும் சின்னப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு இவர் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். எங்கே போனார் என்பது கனடாவில் இருக்கும் ஒரு உறவுக்காரர் மூலமாக அக்காவுக்கு மட்டும் தெரியும். என்னிடம்கூட அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டூடியோவுக்கு ஒரு ஃபோன் வந்தது. நேயர் விருப்பம் கேட்கிறவர்கள் கூப்பிடுகிற நம்பர்தான். ஆண் குரல், நல்ல தமிழ், ரொம்பப் பணிவு. நிகழ்ச்சி அருமை என்றார். பிறகு, "அந்தச் செய்தி வாசிக்கிற அக்கா எந்த ஊர்? அவவின்ர தம்பியும் பேப்பரிலதானே? இப்ப எங்க இருக்கிறார்?" என்றார். எனக்குத் தெரியாதுங்க என்றேன். உண்மையும் அதுதான். "பரவாயில்லை, சும்மாதான் கேட்டனான்" என்று சொல்லி, எந்தப் பாட்டும் கேட்காமல் வைத்துவிட்டார். அக்காவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தார். மாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ஒரு லாரி நிறுத்துமிடம், அவ்வளவுதான். அன்றைக்கு முதல்தடவையாக நானும் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன்.

பிறந்தநாள் வாழ்த்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு வரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. பிள்ளையின் பெயர், பெற்றோர் யார், எந்த ஊரைச் சேர்ந்தவர்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், இன்றைக்கு யார் வீட்டில் கேக் வெட்டுகிறார்கள், டொராண்டோவிலிருந்து வாழ்த்தும் பெரியப்பா யார், பாரிஸிலிருந்து வாழ்த்தும் சித்தி யார் என்று ஒரு பெயர்கூட விடாமல் வாசிக்க வேண்டும். ஒரு மாமா பெயர் விடுபட்டால் அடுத்த வாரம் சண்டைக்கே வந்துவிடுவார்கள். உலகம் முழுக்கச் சிதறிப்போன குடும்பம் ஒன்றாக உட்காருவது அந்த ஒரு நிமிடம்தான். ஆகவே அது மட்டும் செய்தி இல்லை, கொண்டாட்டம் என்று எல்லோருமே நினைத்திருந்தோம். அக்காவும்தான்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய தம்பி மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். வருடா வருடம் மாமி ரேடியோவில் பெயர் சொல்வாள் என்று காத்திருக்கிற குழந்தை. வாழ்த்தை அக்காவே எழுதிக்கொண்டு வந்திருந்தார். செய்தி முடிந்தது, பாட்டுகள் முடிந்தன. செய்திக்கு இருக்கும் இறுக்கம் போய் அவர் குரல் இளகியிருந்தது. குழந்தையின் பெயரைச் சொன்னார், இங்கே அதை நான் எழுதப்போவதில்லை. "இன்று மன்னாரில் சின்ன அப்பாச்சி வீட்டில், அப்பா அம்மாவோடு தனது ஐந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடும்" என்று வாசித்தவர், அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபடியே நின்றார். அப்புறம்தான் மைக்கைப் பொத்தினார்.

"நான் இடத்தைச் சொல்லிப்போட்டன். தம்பி, என்ர வாயாலயே சொல்லிப்போட்டன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிகழ்ச்சியின் பதிவு தானாகவே எங்கள் இணையதளத்துக்குப் போகும், அதை நிறுத்தினேன். ஆனால் நேரடியாகக் கேட்டவர்களின் காதிலிருந்து எதை அழிப்பது? உடனே ஃபோன் பண்ணிச் சொல்லிவிடலாமே என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தம்பியிடமும் மனைவியிடமும் பேச வழியில்லை. இருப்பது அந்தச் சின்ன அப்பாச்சியின், அதாவது அக்காவுடைய சின்னம்மாவின், நம்பர் ஒன்றுதான். "இப்ப அவவுக்குக் கோல் எடுத்தால், அவங்களை நானே கூட்டிக்கொண்டுபோய் வாசலில விட்ட மாதிரி" என்றார். அவருடைய உதடு வெளுத்துப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி அப்படியே மேசையில் வைத்தார். கீழே டயர் கடையில் யாரோ இரும்பை இரும்பால் அடித்தார்கள். நாங்கள் இரண்டு பேருமே துள்ளிவிட்டோம்.

பாட்டு முடியப்போகிற நேரம். அக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்களும் இப்போது ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அங்கே காலை வேளை, பிள்ளை சின்னம்மாவின் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்றார். "உங்கட பக்கம் ஒரு ஊர் சொல்லும். பெரிய ஊராச் சொல்லும்."

"திருச்சின்னு சொல்லுங்கக்கா. அங்க யாரும் யாரையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது."

ஏன் கேட்கிறார் என்று தெரிந்துதான் சொன்னேன். மைக் திறந்தது. செய்தி வாசிக்கிற அதே குரல், ஒரு இழை பிசகவில்லை. "சற்று முன் வாசித்த பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு திருத்தம். அந்தக் குடும்பத்தினர் கடந்த மாதமே இந்தியா சென்றுவிட்டார்கள். இன்று திருச்சியில் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்கள். தவறுக்கு வருந்துகிறோம்." அவ்வளவுதான். அடுத்த வாழ்த்துக்குப் போனார். ஹாமில்டனில் ஒரு பையனுக்கு ஏழு வயது. அவனுடைய மாமாக்கள் ஒருவரையும் விடாமல் வாசித்து முடித்தார். மைக் மூடியதும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் தொடவும் பயந்து, போகவும் பயந்து, ஹெட்ஃபோனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் போனது போல ஒரு வாரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஆபீசில் மீட்டிங் நடக்கும், என் மனசு மன்னாரில் நான் பார்த்தேயிராத ஒரு வீட்டு வாசலில் நிற்கும். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. கிளென்ஃபீல்ட் மாலில் ஒருவர் என்னையே பார்ப்பது போலிருந்தது, காய்கறிக் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் பாவம், என் பின்னால் இருந்த விலைப்பலகையைப் பார்த்திருப்பார். இத்தனைக்கும் என் தம்பி இல்லை, என் ஊர் இல்லை. ஒரு சட்டம் கடல் தாண்டி இவ்வளவு தூரம் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று அடுத்த சனிக்கிழமை நடந்தது. எங்கள் பழைய நேயர் ஒருவர், யாழ்ப்பாணத்துப் பெரியவர், மனைவியோடு மாடி ஏறி வந்தார். கையில் லட்டுப் பெட்டி. "பிள்ளை, தம்பி பத்திரமா திருச்சிக்குப் போய்ச் சேர்ந்திட்டானாம், ரேடியோவில கேட்டம். கோயிலுக்கு நேர்த்தி வச்சது வீண்போகேல்லை. எங்கட சொந்தக்காரர் கொஞ்சப்பேர் அங்க இருக்கினம், என்ன உதவியெண்டாலும் செய்வினம்" என்றார். அவர் மனைவி அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். அக்காவின் கைகள் தொங்கியபடியே இருந்தன. "ஓம் ஐயா, ஓம்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் போனதும் லட்டுப் பெட்டியை என்னிடம் தள்ளினார். என்னாலும் சாப்பிட முடியவில்லை. நேரே போய் டயர் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு வந்தேன், அவன் ரொம்ப சந்தோஷப்பட்டான்.

கனடா உறவுக்காரரிடமிருந்து தகவல் வர நாளாயிற்று. வாழ்த்து வந்தபோது குழந்தை கை தட்டிக் குதித்திருக்கிறது. தம்பிக்கும் முதலில் உறைக்கவில்லையாம், அக்காவின் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் இருந்திருக்கிறார். திருத்தம் வந்தபோதுதான் எழுந்து நின்றாராம். அக்கா பொய் சொல்கிறாள் என்றால் உயிர் போகிற விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெட்டாத கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையோடு ஆட்டோவில் ஏறிப் போயிருக்கிறார்கள். சின்னம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாராவது வந்தார்களா, வரவே இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள், நாமாகத்தான் பயந்து செத்தோமோ என்று நான் அக்காவிடம் சொன்னேன். அப்படி இருந்தால் நல்லது என்றார்.

ஆனால் செய்தி வாசிப்பதை அவர் நிறுத்திவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உயிரைக் காப்பாற்றத்தானே சொன்னீர்கள், உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் சொல்வார்கள் என்றேன். கோபமே வராதவருக்குக் கோபம் வந்தது. "அந்த ஐயா லட்டோட வந்தவர். நான் வாசிச்சதெல்லாம் உண்மை எண்டு நம்பித்தானே வந்தவர்? இனி நான் ஒண்டை வாசிக்கேக்குள்ள, இது செய்தியோ திருத்தமோ எண்டு எனக்கே சந்தேகம் வரும்." கொஞ்ச நாள் வாழ்த்து மட்டும் வாசித்தார். பிறகு அதற்கும் வருவதில்லை. முதியோர் இல்லத்தில் சனிக்கிழமையும் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தம்பி எத்தனை நாள்தான் ஒளிந்திருப்பார்? ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு அவராகவே விசாரணைக்குப் போனார். உள்ளே வைத்தார்கள். அக்கா அப்போது மெலிந்துபோனது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவழியாகத் தம்பி பிணையில் வெளியே வந்தார். இப்போது எழுதுவதில்லை, பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். விசாரிக்கிறவர்கள் எல்லோரும், நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்.

தம்பி வெளியே வந்து சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை பிளாட் புஷ்ஷுக்குக் கூப்பிட்டார். சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடிகிற வரைக்கும் வேறு எதையெதையோ கதைத்தார், மழை, மார்ட்கேஜ், மகளின் பரீட்சை. பிறகு கை கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். தம்பியை விசாரித்த அதிகாரி அடிக்கவில்லையாம், அதட்டவும் இல்லையாம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, சிரித்துக்கொண்டே முதல் கேள்வி கேட்டிருக்கிறார்.

"திருச்சியில இருந்து எப்ப வந்தனீர்?"

அது நான் கொடுத்த ஊர். பென்ரோஸில் டயர் கடை மாடியில், திரை இழுத்துவிட்ட அறையில், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது என் வாயிலிருந்து வந்த பெயர்.

"எங்கட சனம் மட்டும்தான் அதை நம்பினது, தம்பி," என்றார் அக்கா. "அவங்கள் நம்பேல்லை."

இப்போது செய்திகள் கிடையாது, நிகழ்ச்சியை நான்தான் நடத்துகிறேன். பாட்டு போடுகிறேன், இடையில் ஆக்லாந்து வானிலை சொல்கிறேன். வாழ்த்துகள் இன்னும் நீளமாகத்தான் வருகின்றன. போன வாரம் என் அக்காவே திருச்சியிலிருந்து தன் பையனுக்காக ஒன்று அனுப்பியிருந்தாள். தெருப் பெயர் வரைக்கும் எழுதியிருந்தாள். யாரும் சொல்லாமலே ஊரை அடித்தேன், தெருவை அடித்தேன், பையனுடைய அப்பா பெயரை அடித்தேன். அவர் பாங்கில் வேலை பார்க்கிறவர், அவரை யார் தேடப்போகிறார்கள்? ஆனாலும் அடித்தேன். பிறகு மைக்கைத் திறந்து, "வணக்கம் நேயர்களே" என்றேன். எந்தப் பாட்டும் கேட்காமல் எங்களையே கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு நேயரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.